பிழையையும் நகலெடுக்கும் மூலக்கூறு

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இயங்கிவருகிறது. பாம்புத் தோல் வணிகம் சட்டத்தால் நின்றுபோய், அதை நம்பியிருந்த இருளர் குடும்பங்கள் பிழைப்பிழந்து நின்ற காலத்தில், 1978இல் அந்தச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் வயல்களிலிருந்தும் புதர்களிலிருந்தும் உயிரோடு பிடித்துவந்து, மண்பானைகளில் சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கிய அந்த நஞ்சுதான் இந்தியாவில் தயாராகும் நஞ்சுமுறிவு மருந்தின் பெரும்பகுதிக்கு மூலப்பொருள். அந்தப் பொடியில் இருப்பவை பெரும்பாலும் புரதங்கள். ஒவ்வொரு புரதத்தின் அமைப்பும் பாம்பின் டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கிறது. டி.என்.ஏ. தன்னைத் துல்லியமாக நகலெடுக்கும் மூலக்கூறு என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. தன்னிடம் நேர்ந்துவிட்ட பிழையையும் அதே துல்லியத்தோடு நகலெடுப்பது அதன் மற்றொரு பாதி. உயிர்களின் வரலாறும், அவற்றின் புதுமையும், வடநெம்மேலி நஞ்சில் தயாரான மருந்து இந்தியாவின் எல்லா மூலைகளிலும் ஒரே அளவுக்கு வேலை செய்யாததன் காரணமும் இந்த இரண்டாம் பாதியிலிருந்துதான் வருகின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் நகலெடுக்கும் முறையைப் பார்ப்போம். 1953இல் ஜேம்ஸ் வாட்சனும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் டி.என்.ஏ.வின் அமைப்பை வெளியிட்டார்கள். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ் கதிர்ப் படங்களும் அளவுகளும் இல்லாமல் அந்த அமைப்பை அவர்கள் கண்டடைந்திருக்க முடியாது. ஒன்றையொன்று சுற்றிய இரண்டு இழைகள். ஒவ்வோர் இழையிலும் அடினைன், தைமைன், குவானைன், சைட்டோசைன் என்னும் நான்கு காரங்களின், அதாவது நான்கு எழுத்துகளின், வரிசை. ஓர் இழையில் அடினைன் இருந்தால் எதிர் இழையில் தைமைன், குவானைன் இருந்தால் சைட்டோசைன். இந்தப் பொருத்தத்துக்கு ஒரு விளைவு உண்டு. இழைகளைப் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றும் காணாமல்போன தன் இணையின் வரிசையைத் தன்னிடமே வைத்திருக்கும். நகலெடுக்கும்போது இழைகள் பிரிகின்றன. ஒவ்வொரு பழைய இழையின் மீதும் ஒரு புதிய இழை கட்டப்படுகிறது. கிடைக்கும் இரண்டு மூலக்கூறுகளிலும் பாதி பழையது, பாதி புதியது. 1958இல் மேத்யூ மெசல்சனும் ஃபிராங்க்ளின் ஸ்டாலும் கனமான நைட்ரஜனில் வளர்த்த பாக்டீரியாக்களைச் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி, ஒரு தலைமுறைக்குப் பின் டி.என்.ஏ. சரியாக இடைப்பட்ட எடையில் நிற்பதைக் காட்டி இதை மெய்ப்பித்தார்கள். டி.என்.ஏ. ‘தானே’ நகலெடுத்துக்கொள்வதில்லை என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். அது சரியான மறுப்பு. இழைகளைப் பிரிக்க ஒரு நொதி, காரங்களைக் கோர்க்க பாலிமரேஸ் என்னும் நொதி, துண்டுகளை இணைக்க இன்னொரு நொதி என்று ஒரு பட்டாளமே தேவை. ஆனால் எந்த எழுத்துக்கு எதிரே எந்த எழுத்து வர வேண்டும் என்பதை அந்த நொதிகள் தீர்மானிப்பதில்லை. பழைய இழைதான் தீர்மானிக்கிறது. போதாக்குறைக்கு அந்த நொதிகளைச் செய்வதற்கான குறிப்பும் அதே டி.என்.ஏ.வில்தான் இருக்கிறது.

இந்த வேலை எவ்வளவு துல்லியமாக நடக்கிறது? பாலிமரேஸ் காரங்களைப் பொருத்தும்போது ஏறத்தாழ லட்சத்துக்கு ஒரு முறை தவறுகிறது. தவறான காரம் சேர்ந்தவுடன் அது சரியாக உட்காராமல் நெருடும். அப்போது நொதி ஓர் அடி பின்வாங்கி அதை வெட்டியெடுத்துவிட்டுச் சரியானதைச் சேர்க்கிறது. இதனால் தவறு கோடிக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைகிறது. அதையும் தப்பியவற்றைத் தேடிப் பிடிக்க இன்னொரு திருத்தக் குழு பின்னாலேயே வருகிறது. அது முடிந்த பிறகு எஞ்சும் தவறு நூறு கோடி எழுத்துகளுக்கு ஒன்று, அல்லது அதிலும் குறைவு. இப்படிப்பட்ட பழுதுபார்ப்பு முறைகளை விளக்கியதற்காகத்தான் தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஜீஸ் சன்ஜார் மூவருக்கும் 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதன் அச்சிட்ட எந்த நூலும் இந்தத் தரத்தை நெருங்கியதில்லை. இருந்தாலும் நல்ல பாம்பின் மரபணுத் தொகுதியில் சுமார் 179 கோடி எழுத்துகள் உள்ளன. மனிதனுடையதில் 300 கோடிக்கும் மேல். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு தொகுதிகள். இத்தனை எழுத்துகள் தலைமுறைதோறும் பல முறை நகலாகும்போது நூறு கோடிக்கு ஒன்று என்பதும் சுழியாகிவிடாது. பிறக்கும் ஒவ்வொரு மனிதக் குழந்தையும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத சுமார் 60 முதல் 70 புதிய எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறது. நகலெடுப்பு இவ்வளவு துல்லியமென்றால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே விடை.

ஆனால் பிழை நேர்வதைவிட, நேர்ந்த பிழைக்கு அடுத்து என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். திருத்தக் குழு எதைப் பிழை என்று அறிகிறது? எதிரெதிரே இருக்கும் இரண்டு காரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததை மட்டுமே. அடினைனுக்கு எதிரே சைட்டோசைன் உட்கார்ந்திருந்தால் இழையில் ஒரு புடைப்பு உண்டாகும், அதுதான் அடையாளம். அந்தப் புடைப்பைக் கவனிக்காமல் உயிரணு இன்னொரு முறை பிரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இழைகள் பிரிகின்றன. தவறாக வந்த சைட்டோசைன் இப்போது தனக்குரிய குவானைனைச் சேர்த்துக்கொள்கிறது. புடைப்பு மறைந்துவிட்டது, பொருத்தம் முழுமையாக இருக்கிறது. இது முன்பு வேறாக இருந்தது என்று சொல்ல அந்த உயிரணுவுக்குள் எந்தச் சான்றும் இல்லை. அந்தக் கணம் முதல் அது பிழை அல்ல, வாசகம். தவறிலிருந்து வாசகத்தைக் காத்த அதே பாலிமரேசும் அதே திருத்தக் குழுவும் இனி அந்தப் புதிய எழுத்தையும் அதே கவனத்தோடு காத்து, தலைமுறை தலைமுறையாகக் கொண்டுசெல்லும். உப்புப் படிகமும் தன் ஒழுங்கைத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொள்கிறது. ஆனால் அதில் ஒரு குறை நேர்ந்தால் அந்தக் குறை வாரிசுகளுக்குப் போவதில்லை. அதனால் படிகத்துக்கு வரலாறு கிடையாது. டி.என்.ஏ.வுக்கு உண்டு.

அந்த வரலாற்றைப் படிக்கவும் முடியும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிக்கிறவர்கள் ஒரு நூலின் பல பிரதிகளை ஒப்பிடும்போது, இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் அவை இரண்டும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை என்று முடிவுசெய்வார்கள். சரியான பாடம் எந்த ஏட்டிலும் இருக்கலாம். உறவைக் காட்டுவது பகிர்ந்துகொண்ட பிழைதான். மாமல்லபுரம் கடற்கரையில் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. தை, மாசி, பங்குனி மாத இரவுகளில் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட மணலில் முட்டையிட வரும் கடலாமையை மீனவர்கள் பங்குனி ஆமை என்கிறார்கள். உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் தாய்வழியாக மட்டுமே வரும் சிறிய டி.என்.ஏ. வளையம் ஒன்று உண்டு. கார்த்திக் ஷங்கரும், ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்களும் இந்தியக் கிழக்குக் கரையின் பங்குனி ஆமைகளில் அந்த வளையத்தின் எழுத்துகளைப் படித்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்தக் கரை முழுவதும் ஆமைகள் கலந்து இனம் பெருக்குகின்றன. இடத்துக்கு இடம் தனிக் கிளை என்று எதுவும் இல்லை. ஆனால் அவற்றில் ஏறத்தாழ 96 விழுக்காட்டு ஆமைகளிடம் இருந்த எழுத்து வரிசைகள் அண்டையிலுள்ள இலங்கை ஆமைகளிடம்கூட இல்லை. உலகின் வேறெங்கும் இல்லை. மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த முறையை வைத்துப் பார்த்தால், இன்று உலகப் பெருங்கடல்களில் வாழும் பங்குனி ஆமைகளுக்கு இந்தியப் பெருங்கடலின் ஆமைகளே மூதாதைக் கிளை என்று அந்த ஆய்வு கருதுகிறது. நகலெடுப்பு பிழையே இல்லாமல் நடந்திருந்தால் எல்லா ஆமைகளிடமும் ஒரே வாசகம் இருந்திருக்கும். பிழை மறுநகலில் அழிந்துபோயிருந்தால் படிக்க எதுவும் எஞ்சியிருக்காது. பிழை நேர்ந்ததும், நேர்ந்தது காக்கப்பட்டதும் சேர்ந்துதான் இந்த வரலாற்றை எழுதியிருக்கின்றன.

வரலாற்றைக் காட்டுவது வேறு, புதியதைப் படைப்பது வேறு. பிழையிலிருந்து எப்படிப் பயனுள்ள ஒன்று பிறக்கும் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, எழுத்துகள் புரதமாகும் முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும். டி.என்.ஏ.வின் ஒரு பகுதி முதலில் ஆர்.என்.ஏ. என்னும் தற்காலிக இழையாகப் படியெடுக்கப்படுகிறது. அதை ரைபோசோம் மும்மூன்று எழுத்துகளாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோர்த்துப் புரதம் செய்கிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசு பெற்றது அந்த ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டியதற்காக. நான்கு எழுத்துகளால் 64 மும்மைகள் அமையும். அவற்றில் மூன்று ‘இங்கே நிறுத்து’ என்னும் குறிகள். மீதி 61 மும்மைகளும் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. எந்த மும்மைக்கு எந்த அமிலம் என்ற பட்டியலை மார்ஷல் நிரென்பெர்க், ஹர் கோவிந்த் குரானா முதலியோர் 1960களில் தீர்த்துவைத்தார்கள். மும்மைகள் அதிகம், அமிலங்கள் குறைவு என்பதால் ஒரே அமிலத்துக்குப் பல மும்மைகள் உண்டு. ஆகவே சில எழுத்து மாற்றங்கள் புரதத்தை மாற்றுவதே இல்லை. சில மாற்றங்கள் கடுமையாகத் தாக்கும். ரத்தச் சிவப்புப் புரதத்தின் மரபணுவில் ஓர் அடினைன் தைமைனாக மாறியதால் வருவதுதான் அரிவாளணு நோய். இந்தியாவில் அது முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட இடங்களில் ஒன்று நம் நீலகிரி. அங்குள்ள பழங்குடி மக்களிடம் அது இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் காட்டினார்கள். இப்படியிருக்க, பிழை என்றால் சேதம் என்று நினைப்பது இயல்புதான். வேலை செய்துகொண்டிருக்கும் புரதத்தில் குருட்டாம்போக்கில் கைவைத்தால் பெரும்பாலும் அது கெடும்.

இந்த மறுப்பு ஒன்றை மறந்துவிடுகிறது. எழுத்து மாறுவது மட்டும் நகலெடுப்பின் பிழை அல்ல. ஒரு மரபணு முழுவதும் இரண்டு முறை எழுதப்பட்டுவிடுவதும் பிழைதான். முட்டையும் விந்தும் உருவாகும்போது இணைக் குரோமோசோம்கள் பகுதிகளை மாற்றிக்கொள்கின்றன. ஒரே மாதிரியான வரிசைகள் சற்று விலகிப் பொருந்திவிட்டால், ஒன்றில் ஒரு மரபணு இரட்டையாகிவிடும், மற்றொன்றில் இல்லாமலே போய்விடும். இரட்டையாகப் பெற்ற உயிருக்கு ஒரு வசதி கிடைக்கிறது. ஒரு பிரதி பழைய வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது, மற்றதில் நேரும் மாற்றத்தால் உடலுக்குக் கேடில்லை. புதுமைக்கான வழி இதுவே என்று சுசுமு ஓனோ 1970இல் தன் நூலில் வாதிட்டார். அதற்குப் பாம்பு நஞ்சைப் போலத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் வாழும் டிராபிடெக்கிஸ் என்னும் பாம்பின் நஞ்சு கடிபட்ட உயிரின் ரத்தத்தை உறையவைக்கும். அந்த நஞ்சுப் புரதமும், அதே பாம்பின் கல்லீரல் தன் சொந்த ரத்தம் உறைவதற்காகச் செய்யும் புரதமும் ஏறத்தாழ ஒன்றே என்பதை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மஞ்சுநாத கினியின் குழு கண்டது. இரண்டுக்கும் தனித்தனி மரபணுக்கள் உண்டு. ஒன்று மற்றொன்றின் பிரதி. எந்த உறுப்பில், எவ்வளவு செய்ய வேண்டும் என்பதை ஆளும் முன்பகுதியில் நஞ்சின் மரபணுவுக்குக் கூடுதலாக ஒரு துண்டு நுழைந்திருக்கிறது. உடலைக் காக்கும் புரதம் இரட்டையாகி, இரண்டாம் பிரதி வேறோர் உறுப்பில் விழித்துக்கொண்டு ஆயுதமாகிவிட்டது.

நம் நல்ல பாம்பிடமும் இதே கதையைப் படிக்கலாம். சோமசேகர் சேஷகிரி தலைமையிலான குழு அதன் முழு மரபணுத் தொகுதியை 2020இல் வெளியிட்டது. 38 குரோமோசோம்கள், புரதம் செய்யும் 23,248 மரபணுக்கள். உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இவை அனைத்தும் இருந்தாலும் எல்லா உறுப்பும் எல்லாவற்றையும் படிப்பதில்லை. நஞ்சுச் சுரப்பியில் படிக்கப்படுபவை 12,346. அவற்றில் நச்சுக் குடும்பங்கள் 33ஐச் சேர்ந்த மரபணுக்கள் 139. சுரப்பியில் மட்டுமே பெரிதும் இயங்கும் நச்சுகள் 19. குடும்பம் என்பது இங்கே நேரடிப் பொருளில்தான்: ஒரு மூதாதை மரபணுவின் பிரதிகளும், அந்தப் பிரதிகளின் பிரதிகளும். நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போகும் வாயிலை அடைத்து மூச்சை நிறுத்தும் மூவிரல் நச்சுகள் அப்படி ஒரு குடும்பம். மனித மூளையிலும் அதே மூவிரல் வடிவப் புரதம் ஒன்று, அதே வகை வாயிலின் வேலையைச் சீராக்கிக்கொண்டிருக்கிறது. நஞ்சு வானத்திலிருந்து விழவில்லை. முதுகெலும்புள்ள உயிர்கள் அனைத்துக்கும் பொதுவான பழைய புரதங்கள், பிழையாக இரட்டித்து, பிழையாக இடம் மாறி, பிழைகளாலேயே கூர்மை பெற்றதுதான் அது.

பிழைகளாலேயே கூர்மை பெற்றது என்றால் அது வெறும் தற்செயலா? தற்செயலால் இவ்வளவு குறிபார்க்கும் ஆயுதம் உருவாகுமா? இதுவே வலிமையான மறுப்பு. இதற்கு ஊகத்தால் அல்ல, அளவால் விடை சொல்ல முடியும். ஒரு மரபணுவுக்குள் புரதமாகும் பகுதிகளும் உண்டு, படியெடுத்த பிறகு வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான் பகுதிகளும் உண்டு. பிழை குருடானது, இரண்டு பகுதிகளிலும் ஒரே வேகத்தில்தான் விழும். புரதப் பகுதியில் விழும் மாற்றம் கேடு செய்வதால் பெரும்பாலும் களையப்பட்டுவிடும். அதனால் உறவுள்ள மரபணுக்களை ஒப்பிட்டால் இன்ட்ரான்கள் அதிகம் வேறுபட்டும், புரதப் பகுதிகள் குறைவாக வேறுபட்டும் இருப்பதே வழக்கம். ஜப்பானின் ஒகினாவா பகுதி ஹாபு என்னும் குழிவிரியனின் நஞ்சு மரபணுக்களை 1990களில் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் இதற்கு நேர்மாறானதைக் கண்டார்கள். இன்ட்ரான்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. புரதப் பகுதிகள்தாம் பெரிதும் மாறியிருந்தன. பிழை விழுந்த இடங்களில் எதை விட்டுவைப்பது என்று ஏதோ ஒன்று தேர்ந்தெடுக்காமல் இது நடக்காது. மாறிய நஞ்சால் இரையை எளிதில் வீழ்த்திய பாம்பு அதிக வாரிசுகளை விட்டுச்சென்றது. அந்த எழுத்துகள் பெருகின. பிழை மூலப்பொருளைத் தருகிறது. எது தங்க வேண்டும் என்பதை வாழ்க்கை தீர்மானிக்கிறது. தங்கியதை நகலெடுப்பு காக்கிறது. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் நஞ்சு உருவாகாது.

இதே விதி எதிர்த்தரப்பிலும் வேலை செய்கிறது. பாம்போடு சண்டையிடும் கீரி இடையில் ஓடிப்போய் ஒரு மூலிகையைத் தின்றுவிட்டு வருவதாலேயே பிழைக்கிறது என்று நம் ஊர்களில் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சாரா ஃபுக்ஸின் குழு 1992இல் கீரியின் தசை வாயிலை ஆராய்ந்தது. நாகத்தின் நச்சு வந்து ஒட்ட வேண்டிய இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. அந்த மாற்றத்தால் அங்கே ஒரு சர்க்கரை மூலக்கூறு வந்து உட்கார்ந்து நச்சை ஒட்டவிடாமல் தடுக்கிறது. பாம்பு தன் நஞ்சாலேயே சாகாமல் இருப்பதற்கும் அதே இடத்தில் ஏறத்தாழ அதே விதமான மாற்றம் காரணம். ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு கிளைகளில், தனித்தனியே நேர்ந்த சில எழுத்துப் பிழைகள் ஒரே பாதுகாப்பைத் தந்திருக்கின்றன. கீரியின் மருந்து காட்டுச் செடியில் இல்லை. அதன் தாய் தந்தையர் வழியாக நகலாகி வந்த வாசகத்தில் இருக்கிறது.

இனி மருந்துக்கு வருவோம். ஆமைகள் கடலில் ஒன்று கலக்கின்றன. அதனால் கரை நெடுக ஒரே தொகுதியாக இருக்கின்றன. பாம்புகளால் அப்படிக் கலக்க முடியாது. செங்கல்பட்டு வயலில் பிறந்த கண்ணாடிவிரியனும் பஞ்சாப் வயலில் பிறந்ததும் ஒரே இனம்தான் என்றாலும், அவற்றின் முன்னோர்கள் நெடுங்காலம் தனித்தனியே பெருகி, தனித்தனிப் பிழைகளைக் காத்துவந்திருக்கிறார்கள். நஞ்சின் வேறுபாட்டுக்குத் தட்பவெப்பமும் தீனியும்தானே காரணம், டி.என்.ஏ.வை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். தீனிக்குப் பங்கு உண்டு. ஆனால் அது நேரடியாக நஞ்சை மாற்றுவதில்லை. ஜெனிஃபர் டால்ட்ரி, வுல்ஃப்காங் வூஸ்டர், ரோஜர் தார்ப் மூவரும் தென்கிழக்காசிய மலாய்க் குழிவிரியனைப் பற்றி 1996இல் எழுதிய ஆய்வில், இடத்துக்கு இடம் மாறும் நஞ்சின் கலவை அந்தந்த இடத்து இரையோடு பொருந்துவதைக் காட்டினார்கள். நஞ்சின் கலவை மரபுவழி வருவது என்பதால், உள்ளூர் இரைக்கேற்ற இயற்கைத் தேர்வே இதற்குக் காரணம் என்று முடிவுசெய்தார்கள். தின்ற இரை ஒரு பாம்பின் நஞ்சை மாற்றவில்லை. எந்தப் பாம்புகளின் எழுத்துகள் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பதை மாற்றியது.

நஞ்சுமுறிவு மருந்து இந்த எழுத்து வேறுபாட்டுக்குக் கட்டுப்பட்டது. குதிரைக்குச் சிறுகச் சிறுக நஞ்சைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். அந்தப் புரதம் தான் சந்தித்த நச்சின் வடிவத்தைத்தான் அடையாளம் காணும். இந்த முறையை 1890களில் தொடங்கிய ஆல்பர்ட் கால்மெட், நாகத்தின் நஞ்சில் செய்த தன் மருந்து எல்லாப் பாம்புக் கடிக்கும் உதவும் என்று நம்பினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பணியாற்றிய ஜார்ஜ் லாம், அது கண்ணாடிவிரியன் நஞ்சை முறிக்கவில்லை என்று காட்டினார். இனத்துக்கு இனம் உள்ள இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டதால்தான் இன்று நான்கு பாம்புகளின் நஞ்சும் மருந்தில் சேர்கிறது. ஒரே இனத்துக்குள் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டுக்கு இன்னும் அந்த ஏற்பு கிடைக்கவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு ஐந்து நிலப்பகுதிகளின் கண்ணாடிவிரியன் நஞ்சை ஒப்பிட்டு 2021இல் வெளியிட்ட முடிவு கவனமாகப் படிக்க வேண்டியது. கலவையிலும் வீரியத்திலும் நஞ்சுகள் பெரிதும் வேறுபட்டன. ஆனாலும் எலிகளில் சோதித்தபோது பெரும்பாலான பகுதிகளின் நஞ்சை மருந்து ஏறத்தாழ ஒரே அளவுக்கு முறித்தது. வட இந்திய அரைவறள் பகுதியின் நஞ்சிடம் மட்டும் அது தடுமாறியது. ஆகவே வடநெம்மேலி நஞ்சில் செய்த மருந்து வீண் என்று சொல்வது பெரும் தவறு. அது எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது, காத்துவருகிறது. அது எல்லா இடத்துக்கும் போதும் என்று சொல்வதும் தவறு. எந்த அளவுக்கு எழுத்துகள் பொதுவாக இருக்கின்றனவோ அந்த அளவுக்கு மருந்து செல்லும். அவை பிரியும் இடத்தில் நின்றுவிடும்.

இதன் விலை சிறியதல்ல. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஒரு பெரும் மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். வெறுங்காலோடு வயலில் இறங்கி நமக்குச் சோறு போடுகிறவர்கள். 2030க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாக்கும் தேசியத் திட்டத்தை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் அறிவித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு பாம்புக் கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. மருத்துவமனைக்கு விரைவாகப் போவதும், அங்கே மருந்து இருப்பதும் முதல் தேவைகள். அவற்றுக்கு மரபணு அறிவியல் மாற்றாகாது. ஆனால் மருந்து எப்படிச் செய்யப்பட வேண்டும் என்ற கேள்விக்கு இந்த அத்தியாயத்தின் வாதம் நேரடியாக விடை தருகிறது. ஒவ்வொரு நிலப்பகுதியிலும் அந்தந்த மண்ணின் பாம்புகளிடமிருந்து நஞ்சு சேகரிக்க வேண்டும். அதைச் செய்யும் திறன் எப்படி இருக்கும் என்பதைச் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் ஐம்பது ஆண்டுகளை நெருங்கும் உழைப்பால் காட்டியிருக்கிறார்கள். அவர்களில் இருவரான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவர்களது அறிவு ஒரு மாவட்டத்தோடு நின்றுவிடாமல், பிற மாநிலங்களில் அமையும் நஞ்சு சேகரிப்பு மையங்களுக்கு அடித்தளமாக வேண்டும்.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. அது மரபுக் குறியீட்டின் பொதுமையிலிருந்து வருவது. மும்மைகளின் பட்டியல் பாம்புக்கும் குதிரைக்கும் மனிதனுக்கும் பாக்டீரியாவுக்கும் மிகச் சில விலக்குகள் தவிர ஒன்றே. அதனால் நல்ல பாம்பின் நச்சு மரபணுவை ஆய்வகத்து உயிரணுவில் வைத்தால் அது அதே நச்சைச் செய்துதரும். பாம்பைத் தொடாமலே ஆராயலாம். நச்சுக் குடும்பத்தின் எல்லாப் பிரதிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்து, எத்தனை பிழை நேர்ந்தும் மாறாமல் நின்ற பகுதி எது என்று கண்டுபிடிக்கலாம். அந்தப் பகுதி மாறினால் நச்சு வேலை செய்யாது என்பதாலேயே அது மாறாமல் நிற்கிறது. மருந்து குறிவைக்க வேண்டிய இடமும் அதுவே. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2024இல் அறிவித்த செயற்கை எதிர்ப்புப் புரதம் ஒன்று, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் வெவ்வேறு நாகப் பாம்புக் குடும்பத்து இனங்களின் ஒரு வகை நரம்பு நச்சிலிருந்து எலிகளைக் காத்தது. விரியன்களின் நஞ்சுக்கு அது உதவாது. மனிதர்களுக்கான மருந்தாக இன்னும் பல படிகள் உண்டு. ஆனால் பாதை தெளிவு. பிழைகளால் பிரிந்துபோனவற்றை இடம்தோறும் நஞ்சு சேர்த்து எதிர்கொள்ள வேண்டும்; பிழைகளையும் மீறி நிலைத்தவற்றை ஒரே மருந்தால் எதிர்கொள்ளலாம். எது பிரிந்தது, எது நிலைத்தது என்பதை டி.என்.ஏ.வைப் படித்தால் அறியலாம். நகலெடுப்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் புரிந்துகொண்டால்தான் அந்த வாசிப்பு சாத்தியம். பயிர் அறுக்கும் கைகளை அந்த வாசிப்பு காப்பாற்றுமானால், இந்த அறிவியலை நம் மொழியில் எல்லோரும் கற்க வேண்டியதற்கு அதைவிட வலிய காரணம் தேவையில்லை.